கண்ணை மூடித் தின்ற கேரளா

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு என் நாக்கு எனக்குச் சொந்தமில்லாமல் போனது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அன்று மாமாவின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்த அதை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் வெள்ளிமலையில் மாமாவின் சிநேகிதர் வீட்டு முற்றம். எனக்கு ஒன்பது வயது.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தவள் என் மகள். வேலையை விட்டுவிட்டு, ரயில் ரயிலாக ஏறி, போகிற ஊரில் கிடைப்பதைச் சாப்பிட்டுப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் வந்த படத்தில் இலைமேல் ஏதோ ஒரு காட்டுக்கிழங்கு. "லேசா கசக்குதும்மா, ஆனா சூப்பர்" என்று கீழே ஒரு வரி. அதன்பிறகு மறுநாள் காலைவரை அவள் போன் கிடைக்கவில்லை. மலைக்கிராமத்தில் டவர் இல்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்தான் இன்னும் பதற்றத்தில் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. லாரி ஓட்டினார். எங்கள் பக்கத்து மரவள்ளிக்கிழங்கு மில்லுக்குப் போய் ஜவ்வரிசியாகும். அதை மூட்டை மூட்டையாக வடக்கே கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. திரும்பி வந்தால் முதலில் தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். பையில் எனக்கென்று எதுவும் இருக்காது. எல்லாம் வாயில்தான் இருக்கும்.

"கண்ண மூடு பாப்பா. வண்டி கெளம்பிடுச்சி."

என் முன்னால் இருப்பது எப்போதும்போல் மோர்ச்சோறு. மாமா வாயாலேயே கியர் மாற்றுவார். கிருஷ்ணகிரி போகும், பெங்களூர் போகும், பெயர் தெரியாத ஆறுகள் போகும். "இப்ப நாக்பூரு. ரெண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம். அதுலயே அல்வா கணக்கா ஒண்ணு செஞ்சி வெட்டி வெச்சிருக்கான். ஆ காட்டு." ஒரு கவளம் உள்ளே போகும். மோர்ச்சோறு இனிக்கும். இன்றைக்கும் சத்தியம் செய்வேன், இனித்தது. அடுத்த கவளம் குஜராத்துப் பருப்பு, வெல்லம் போட்டது. அதற்கடுத்தது பீகாரில் வரட்டித் தணலில் சுட்டு, நெய்யில் முக்கிய மாவுருண்டை. மராட்டியத்து விரதச் சாப்பாட்டுக்கு வந்தால் மட்டும் மாமாவின் குரலில் ஒரு பெருமை ஏறும். "வெரத நாளு பாப்பா. நாம ஜவ்வரிசில பாயசம் காச்சறோம், அவன் வேர்க்கடலையும் பச்சமொளகாயும் போட்டு உப்புமா கிண்டறான். நம்ம கெழங்கு அங்க போயி சாமியாயிடுச்சி!"

அப்பா கரும்பு வைத்திருந்தார். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற தூரம்தான் அவரும் போயிருந்தார். மாமாவின் தேசப் பயணத்தைத் தூணருகே நின்று கேட்டுவிட்டு, "ஊரு சுத்தறவன் பேச்சக் கேட்டா வயிறு ரொம்பிடுமா?" என்பார். "எப்பனா ஒருநாளு வர்றான், உடுங்க" என்பாள் அம்மா. அன்று மாமா என்னை வெள்ளிமலைக்கு அழைத்துப்போவது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

கிழங்கு லோடு பேசத்தான் மாமா போனார். மலையேறிய வாடகை ஜீப் கரியாலூரைத் தாண்டியபோது மேகம் சாலையில் படுத்துக்கிடந்தது. நாங்கள் அதைக் கிழித்துக்கொண்டு போகவில்லை. அதுதான் எங்களை உள்ளே விட்டுப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டது. எனக்கு எல்லா ஊரும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

சிநேகிதரும் அவர் மனைவியும் சாமைக் கொல்லைக்குப் போயிருந்தார்கள். முற்றத்தில் மண் காயாத மரவள்ளிக்கிழங்கு ஆளுயரம் குவிந்திருந்தது. எனக்குப் பசித்தது. மாமா குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேரளாவுல இதான் பாப்பா சோறு. மீன் கொழம்ப ஊத்தி அடிப்பானுங்க. இன்னிக்கி வாயில சுத்த வேணாம், நெசமாவே துன்னலாம்."

வெளி அடுப்பை மூட்டினார். தோலுரித்து, வெட்டி, பானையில் போட்டு, மூடி, மூடியின்மேல் ஒரு கல்லையும் வைத்தார். வாசனை போகக்கூடாதாம். தண்ணீர் சுண்டும்வரை இறக்கவில்லை. வெந்த கிழங்கு பூப்பூவாக வெடித்து வெள்ளையாக இருந்தது. அதன் ஆவியும் மேகமும் ஒன்றாகக் கலந்தன.

"கண்ண மூடு. பாலக்காடு தாண்டிட்டோம். தென்ன மரமா ஓடுது."

கடித்தேன்.

"மாமா, கசக்குது."

"வேத்தூரு ருசி அப்பிடித்தான் இருக்கும். ரெண்டாவது வாயில பழகிடும்."

பழகிவிட்டது. அவர் தனக்கென்று ஒரு துண்டை எடுக்கும்போது, சரிவில் வண்டியைத் தள்ளிவிட ஜீப்காரர் கூப்பிட்டார். துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடினார். நான் கண்ணைத் திறக்காமல் நானே கியர் மாற்றி, நானே ஊர் சொல்லி, தட்டைக் காலி செய்தேன். கசப்பு வரும்போதெல்லாம், வெகுதூரம் வந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகுதான் நாக்கு தடித்தது. கடிகாரத்தில் முட்கள் நான்காகத் தெரிந்தன. கொல்லையிலிருந்து திரும்பிய சிநேகிதரின் மனைவி தட்டைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"அய்யய்யோ, இது மில்லுக்குப் போற கெழங்காச்சே! நாங்க திங்கறது ஊட்டுக்குப் பின்னால இல்ல இருக்குது! மூடி வெச்சா வேகவெச்ச? தண்ணிய வடிச்சிக் கொட்டலியா? கொழந்தைக்கு வெஷம் குடுத்துட்டியே!"

எத்தனையோ வருடமாக அந்தக் கிழங்கின் மாவைச் சுமந்து தேசத்தைக் கடந்த மாமாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

இறங்குகிற வழி எனக்குப் பயமாகவே இல்லை. அதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது. உடம்பு பஞ்சாகி மிதந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஊர் திறந்தது. ஆரஞ்சுத் தோட்டங்கள் சாய்ந்து எழுந்தன. நெய்யில் தோய்ந்த உருண்டைகள் ஆற்றில் மிதந்து போயின. வழி முழுக்க ஜவ்வரிசி, வெள்ளையாக, குளிர்ச்சியாக, மேகத்திலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"மாமா, இது எந்த ஊரு?"

"கண்ண மூடாத பாப்பா. இந்த வாட்டி தொறந்துக்கினே பாரு. இது… இது ஐதராபாத்து. மாமாவப் பாரு."

"இங்க இன்னா துன்றாங்க?"

மாமா என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஜீப்காரர்தான் முன்னாலிருந்து கத்தினார், "எதுனா சொல்லுய்யா, பொண்ணு தூங்கிடப் போவுது!" மாமா தேசத்தையெல்லாம் ஒப்பித்தார். வெல்லம், நெய், புளிச்சக்கீரை, மீன். அவர் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அது எந்த ஊர் மழை என்று கேட்டேனாம்.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் வாந்தியெடுக்க வைத்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். தியாகதுருகம் போகிற பஸ் கண்டக்டரிடம் ஜீப்காரர் தகவல் சொல்லி அனுப்பினார். மாமா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, என் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அபாயமில்ல, இனிமே தூங்கட்டும்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போன பிறகும் எழவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்தில் அப்பா வந்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்க்கவில்லை. கரும்பு வயல் சேறு கெண்டைக்காலில் காய்ந்து வெடித்திருந்தது. போர்வைக்குமேல் என் பாதத்தைப் பிடித்தார். பிடித்தபடியே மாமாவின் பக்கம் திரும்பினார். அடி விழும் என்று மாமா தலை குனிந்துகொண்டார்.

"கேரளாவுல நீ இத துன்னுருக்கியாடா?" என்றார் அப்பா.

"இல்ல மாமா." அக்கா புருஷனை மாமா அப்படித்தான் கூப்பிடுவார்.

"மத்த ஊர்ல? அந்த அல்வா, அந்த உருண்டை?"

மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். "துன்றவங்களப் பாத்துருக்கேன் மாமா. வெளிய துன்னா கட்டுப்படியாவுமா? வண்டிக்குக் கீழ ஸ்டவ்வு வெச்சி நானே ஆக்கிக்குவேன். சோறு, ரசம். அதத் துன்னுக்கினே எதிர்க் கடையப் பாத்துக்கினு இருப்பேன்."

மயக்கத்தில் கேட்டாலும் எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் நாக்பூரே பொய். நான் இனிக்க இனிக்க விழுங்கியது முழுக்கப் பொய். மாமாவிடம் இனி பேசுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஒரு மனிதன் லாரிக்கடியில் உட்கார்ந்து, ரசச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே எனக்காக ஒவ்வொரு தட்டையும் பார்த்து வைத்திருக்கிறான் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணை நர்ஸம்மாவிடம் விட்டுவிட்டு, அவளுக்கு விஷம் ஊட்டியவனின் தோளைப் பிடித்து அப்பா ஏன் எழுப்புகிறார் என்பதும் விளங்கவில்லை. என் பாதத்தை விட்ட அதே கையால்தான் எழுப்பினார்.

"எழுந்து வாடா," என்றார் அப்பா. "எதிர்ல கடை இருக்குது. காலைலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல."