பின்னறைக்குப் போன பல்லி

ஐந்தாவது மாதத்தில் டாக்டர் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார். பிளாசென்டா கீழே இறங்கியிருக்கிறது, படி ஏறி இறங்கக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம். நாங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள் தறி போட்டிருந்தார்கள். முன்னறையில் என் கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதன் மேல் கறுப்பாக ஒரு தண்ணீர் டேங்க்கும் தெரியும். டேங்க் நிரம்பி வழிந்தால் அன்றைக்கு அதுதான் எனக்குப் புதுச் செய்தி.

கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருவார், வந்ததும் தூங்குவார். என்னைப் பார்த்துக்கொள்ள வாலாஜாபாத்திலிருந்து மாமியார் வந்து பின்னறையில் தங்கினார். சமைப்பார், துணி துவைப்பார், தட்டோடு வந்து கட்டில் பக்கத்தில் நிற்பார். பேச்சு குறைவு. எனக்கும் அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பல்லி வந்தது. சென்னை ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த தோழிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. அவள் வளர்த்த லெப்பர்ட் கெக்கோ என்ற வெளிநாட்டுப் பல்லியைக் கொண்டுபோக முடியாது. போனில் கேட்டாள். "நீ வீட்லதானே சும்மா இருக்கே. உனக்கும் துணையா இருக்கும்."

சும்மா என்ற சொல் குத்தியது. ஆனாலும் சரி என்றேன். நாள் முழுக்க அசையாமல் கிடப்பவளுக்கு அசைகிற எதுவானாலும் வேண்டியிருந்தது.

கணவர் அதைக் கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்து என் கட்டிலருகே மேஜையில் வைத்தார். மஞ்சள் உடம்பு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. நம் வீட்டுப் பல்லி மாதிரி சுவரில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் திறக்கும். கூடவே ஒரு டப்பா தவிட்டில் நெளிகிற புழுக்கள். அதுதான் அதற்குத் தீனி.

மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமா இது? மாசமா இருக்கிற வீட்ல பல்லியக் கொண்டாந்து வச்சிக்கினு."

"கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டுக் கும்பிடறோமே அத்தே."

"அது கோயிலு. இது பொட்டியில இருக்குது." அதோடு போய்விட்டார்.

பல்லி சாப்பிடவில்லை. பெட்டிக்குள் ஓட்டை போட்ட சின்ன மண்சட்டி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. வந்த அன்று அதற்குள் போனதுதான், மூக்கின் நுனி மட்டும் வெளியே தெரியும். இடுக்கியில் புழுவைப் பிடித்து முன்னால் ஆட்டிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் ஆட்டினேன், மத்தியானம் ஆட்டினேன். சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டேன். தோழியிடம் சொன்னால், "புது இடம்பா, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். வால்ல கொழுப்பு வச்சிருக்கும், தாங்கும். விட்டுடு" என்றாள். விடுவது எப்படி? கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தவிர எனக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை. வால் மெலிந்துகொண்டே வருவதாகத் தோன்றியது.

எனக்கும் சோறு இறங்கவில்லை. மாமியார் பிசைந்து கொண்டுவந்து, நான் முடிக்கும் வரை நகர மாட்டார். "இன்னும் ஒரு வாய் துன்னுமா." நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். வயிற்றுக்குள் இருப்பதற்கு என்னால் ஏதும் செய்ய முடியாது, படுத்துக் கிடப்பதைத் தவிர. பல்லிக்காவது ஏதாவது செய்ய முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஓர் அமாவாசை அன்று தறிகள் ஓடவில்லை. அமாவாசைக்கு நெய்ய மாட்டார்கள். மற்ற நாளில் விடிந்ததிலிருந்து கீழே தறி அடிக்கும் சத்தம் கேட்கும். எங்கள் முன்னறைக்கு நேர் கீழேதான் தறி நின்றது. ஒவ்வோர் அடிக்கும் தரை லேசாக அதிரும், கட்டில் கால் வழியாக என் முதுகுக்கு வரும். எனக்குப் பழகிப்போயிருந்தது. அன்று சாயங்காலம் வீடே அசையாமல் இருந்தபோது பல்லி சட்டியை விட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து போய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் நாக்கை விட்டு நக்கியது. நான் மூச்சுகூட விடவில்லை.

மறுநாள் காலை தறி ஆரம்பித்ததும் உள்ளே போய்விட்டது. அப்போதுதான் புரிந்தது. மேஜை முழுக்க அந்த அதிர்வில் நிற்கிறது. பின்னறைக்குக் கீழே தறி இல்லை. பெட்டியை அங்கே மாற்ற வேண்டும்.

கணவரிடம் போனில் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்." மாமியாரைக் கேட்க வாய் வரவில்லை. அது அவர் படுக்கிற அறை.

அவர் கடைக்குப் போயிருந்த நேரம் நானே எழுந்து பெட்டியைத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். சமையலறை வாசல் வரை போனேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. பெட்டியைக் கீழே வைத்து அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். நைட்டியில் திட்டாக ரத்தம்.

மாமியார் பையோடு படியேறி வந்து பார்த்தார். திட்டவில்லை. பையைப் போட்டுவிட்டு மாடியிலிருந்தே கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் வந்து என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே இறக்கினார்கள். ஆட்டோவில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். அத்தனை வாரத்தில் வெளியே வந்தது அன்றுதான். தெரிந்தது மின்கம்பிகளும் வானமும் மட்டும். அவர் கை என் நெற்றியில் இருந்தது.

ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. ரத்தம் நின்றுவிட்டது, இனி பாத்ரூமுக்கும் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று அனுப்பினார்கள். அதே நாற்காலியில் மாடிக்கு வந்தேன்.

என்னைப் படுக்கவைத்துவிட்டு மாமியார் சமையலறை வாசலில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"இத எங்க தூக்கினு போன?"

சொன்னேன். தறியின் அதிர்வு, அமாவாசை, தண்ணீர் குடித்தது, எல்லாம்.

"எங்கிட்ட சொல்ல வேண்டிதுதானே."

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு..."

"புடிக்கல. அதுக்கு?" முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். "எங்கூட இருக்கட்டும். நீ இனிமே அதப் பாக்கக் கூடாது."

அப்படியாகப் பல்லியும் போய்விட்டது. மேஜை காலி. பின்னறையில் நடப்பதை நான் கட்டிலிலிருந்து காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியோடு வந்த சூடு தரும் மின்விரிப்பை ஒரு பக்கத்துக்கு அடியில் போடணும், புழுவைத் தண்ணீர் பாட்டில் மூடியில் வைக்கணும், தின்னாததைக் காலையில் எடுத்துடணும் என்று கத்திச் சொல்வேன். "செரி, செரி" என்று பதில் வரும்.

"மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டாதீங்க அத்தே."

"நான் எதுக்கு அது மூஞ்சியப் பாக்கப் போறேன். துண்டு போட்டு மூடிட்டேன்."

அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால் சாயங்காலம் புழுவை வைப்பார், துண்டைப் போடுவார், விடிந்தபிறகுதான் எடுப்பார். காலையில் வந்து, "புழு அப்படியே கெடக்குது" என்பார். நான் இட்லியைத் தின்பேன். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பின் எனக்கு இல்லை.

ஒருநாள் காலை தட்டில்லாமல் வந்து நின்றார்.

"மூடியில புழு இல்ல."

"ஊர்ந்து வெளிய போயிருக்கும் அத்தே."

"பொட்டி பூரா தேடிட்டேன். மூலையில வெளிக்கிப் போய் வச்சிருக்குது" என்றார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்ப் பார்க்க முடியாததும் சேர்ந்துதான்.

பிறகு வாலாஜாபாத்திலிருந்து யார் வந்தாலும் ரைஸ் மில்லில் கொஞ்சம் தவிடு வாங்கிவரச் சொன்னார், புழுவுக்கு. நான் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நாட்கள் அப்படியேதான் போயின.

சிசேரியனில் மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்து தையலின் வலி குறைந்ததும் ஒரு சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தேன். துண்டைக் கொஞ்சம் விலக்கினேன். பல்லி வெளியே நின்றிருந்தது. வால் விரல் பருமனுக்குத் தடித்திருந்தது. என்னைக் கண்டதும் சட்டிக்குள் ஓடியது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் வந்தார்.

"மூடிடுமா. ஆள் பாத்தா அது துன்னாது."

துண்டைப் போட்டுவிட்டுக் குழந்தைக்குக் கை நீட்டினேன். கொடுத்தார்.