அப்பா தூக்கத்தில் பேசியவை

அப்பா தூக்கத்தில் பேசியதை நான் பதினோரு நாள் எழுதினேன். மருத்துவர் கேட்டது அதில் பாதிகூட இல்லை. எழுதியபோது, செய்வது சரி என்றே நம்பினேன். இப்போது திரும்பிப் பார்க்கையில் எனக்குக் கடினமாக இருப்பது அந்த நம்பிக்கைதான்.

அப்பா பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஓய்வு பெற்று, கடலூர் முதுநகரில் எங்களோடு வந்து சேர்ந்தார். பிறகு ஒரு தனியார் கல்லூரியின் வாசலில் பகல்நேரக் காவலாளியானார். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் அவரும் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். நான் பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேரப் பல நாட்கள் ஆயின என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் அந்தத் தீவைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்ததில்லை.

அவர் தூக்கத்தில் கத்துவார். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். நாங்கள் உள்ளறையில் படுப்போம், அப்பா கூடத்தில். சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து கதவோரம் நின்றுகொள்வாள். கிட்டே போகமாட்டாள். ஆரம்பத்தில் ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பப் போய், அவர் பிடித்த பிடியில் அவளுடைய மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியிருந்ததாம். அதனால் தூரத்தில் நின்றே, அவசரப்படாத குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள்: "என்னாங்க, வீடுங்க இது. கடலூருங்க. மழ வர்ற மாதிரி இருக்குது, துணி காயப் போட்டிருக்கேன்." மழை வராத மாதங்களிலும் இதையே சொல்வாள். சற்று நேரத்தில் சத்தம் அடங்கிவிடும்.

காலையில் காப்பி குடிக்கும்போது அப்பா தலையை நிமிர்த்தாமல் கேட்பார்.

"நேத்து கத்துனனா?"

"கத்துனீங்க. சும்மா ஆ ஊன்னு. என்னா ஏதுன்னு யாருக்குப் புரியுது? எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்."

அப்பா அதற்கு லேசாகச் சிரிப்பார். எத்தனையோ வருடங்களாக எங்கள் வீட்டுக் காலைகள் இப்படித்தான் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். அப்பா கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி நிற்பார். எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழும்போது அவர் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதை வாங்க வேண்டுமென்றால் முதலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். அவர் ஏன் செய்வதில்லை என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அதிகம் கேட்பதில்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் அண்ணாமலை நகரில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதையை அகலமாக்கும் வேலை நடந்த காலம் அது. தினமும் பேருந்தில் போய்வருவேன். தீவில் மறுபடியும் பெரிதாகப் போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துச் சாலையில் அமர்ந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குக் காலவரையின்றி விடுமுறை விட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் மாலை முழுவதும் தார்ப்பாய்க் கூடாரங்களும் மண்ணில் கிடத்திய உடல்களும். அப்பா எழுந்து போகாமல் எல்லாவற்றையும் பார்த்தார்.

தேநீர்க் கடைக்காரர் அவருக்குப் பழக்கமானவர்தான். ஒரு நாள் செய்தித்தாளை மடித்துக்கொண்டே கேட்டாராம்: "என்னா மிலிட்டரி, நீங்கள்லாம் போயி அமைதியக் குடுத்துட்டு வந்தீங்க. எங்க வச்சீங்க அத? காணுமே!" கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, பாதித் தேநீரை வைத்துவிட்டு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அம்மாவிடம் சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு அப்பா ஓர் இரவில் மூன்று நான்கு முறை கத்தத் தொடங்கினார். வேலையிடத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து எழுந்து, நடுப்பகலில் மாணவர்கள் முன்னால் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். நிர்வாகம் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னது.

அம்மா பிடிவாதமாக நின்று அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். கடலூரில் என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதற்காகச் சிதம்பரம். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் சிறிய கிளினிக். முதல் முறை மூவரும் போனோம். மருத்துவர் வயதானவர், அவசரமில்லாதவர். மாத்திரை எழுதிக்கொடுத்தார். அப்பா அதை வாங்கக் கீழே இறங்கியதும், அம்மாவிடம் கேட்பதை விட்டு என்னிடம் சொன்னார்.

"படிக்கிற பொண்ணுதானே? ராத்திரி எத்தன தடவ முழிக்கிறாரு, எவ்ளோ நேரம், அது மட்டும் ஒரு சீட்டுல குறிச்சிக்கிட்டு வாம்மா. மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன் டாக்டர், இவ தூங்குவா" என்றாள் அம்மா. அந்தப் பதிலில் இருந்த அவசரத்தை நான் அன்று கவனிக்கவில்லை.

முந்தைய ஆண்டு எங்கள் வகுப்பைக் கள ஆய்வுக்காகப் பிச்சாவரத்தை அடுத்த மீனவர் குப்பங்களுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். ஒப்பாரியும் தாலாட்டும் சேகரித்தோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி எளிமையானது: காதில் விழுந்ததை விழுந்தபடி எழுது, திருத்தாதே, விட்ட இடத்தை ஊகித்து நிரப்பாதே, நேரத்தைக் குறி, யார் குரல் என்று குறி. அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. மருத்துவர் கேட்டது ஒரு சீட்டு. நான் ஒரு புது நோட்டை எடுத்து மூன்று கட்டங்கள் போட்டேன்: நேரம், சொல், குரல்.

அம்மா எழும் முன்பே விழித்து, அவள் எனக்கு முதுகு காட்டிக் கதவோரம் நின்றதும், உள்ளறையின் சுவரோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவு வருடங்கள் வெறும் கத்தலாகக் காதில் விழுந்தது, கவனித்துக் கேட்டபோது பேச்சாக இருந்தது. முதல் இரண்டு நாட்கள் இந்தியில் கட்டளைகள். பிறகு எங்கள் ஊர்த் தமிழ். "வாங்கம்மா. வெளிய வாங்க. நானும் தமிழ்தான். ஒண்ணும் ஆவாது." இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஐந்தாம் நாள், அதே தொண்டையிலிருந்து வேறொரு குரல் வந்தது. மெல்லியது, கெஞ்சுவது, எங்கள் ஊருடையது அல்லாதது, அந்தத் தீவின் தமிழில் ஒரு பெண் பேசுவது போன்றது. "தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல். நாங்கள் பின்னாலை வாறம்." அதற்கு அப்பா, தம் சொந்தக் குரலில்: "பின்னாடி வேணாம்மா. முன்பக்கமா வாங்க. நான் நிக்கிறேன்ல." அதன் பிறகுதான் நாங்கள் கேட்டுவந்த அந்தக் கத்தல்.

குரல் மாறிய இடத்தில் நான் அடிக்கோடிட்டேன். அப்போது எனக்குள் எழுந்தது பயமல்ல, துக்கமுமல்ல. அரிய ஒன்றைப் பிடித்துவிட்ட மாணவியின் மகிழ்ச்சி. அதை மறைத்து இதை எழுதுவதில் பொருளில்லை.

பதினோரு நாட்களில் அது துண்டு துண்டாக முழுமையடைந்தது. அப்பாவின் குழுவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. வீடுகளில் இருந்தவர்களை வெளியே அழைப்பது அவருடைய வேலை. அந்த வீட்டின் முன்பாதையில் கண்ணிவெடி இருந்திருக்கிறது; அந்தப் பெண்ணும் அவள் பிள்ளையும் அதை மிதித்திருக்கிறார்கள். யார் புதைத்தது என்று அவர் தூக்கத்தில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் அந்த இருவரையும் எந்தப் பக்கம் வரச் சொன்னார் என்பதுதான்.

இரண்டாம் முறை சிதம்பரத்துக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். அம்மாவுக்கு அன்று காய்ச்சல். மருத்துவர் அப்பாவின் நாடியைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "எப்படிம்மா, முழிக்கிறது கொறஞ்சிருக்கா?" என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எத்தனை முறை என்று சொல்லியிருந்தால் போதும். நான் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். கருத்தரங்கில் தரவுகளை வாசிப்பது போல, நேரம் சொல்லி, குரல் சொல்லி, ஏற்ற இறக்கம் இல்லாமல். ஐந்தாம் நாளுக்கு வந்தபோது மருத்துவர் கையை உயர்த்தினார்.

"போதும்மா."

தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விடக்கூடாது என்று நினைத்தேனா, கை உயர்ந்தது மூளைக்கு எட்டவில்லையா, தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும், நாங்கள் பின்னாலை வாறம் என்பதையும் வாசித்து முடித்தேன். அப்பா எழுந்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார்.

"நான் கீழ நிக்கிறேன் டாக்டர்."

பேருந்தில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். புவனகிரி தாண்டியது. பிறகு, முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, அந்த அம்மா பேசுனதயும் நான்தான் பேசுறனா?"

"ஆமாப்பா."

"அந்தக் கொரலுலயேவா?"

நான் தலையசைத்தேன்.

"கத்துவேன்னுதான் உங்க அம்மா சொன்னா. பேசுவேன்னு சொல்லல." சற்றுக் கழித்து, "உள்ள படுத்திருந்த உனக்கே இவ்ளோ கேட்டிருக்குன்னா, கதவாண்ட நிக்கிறவளுக்கு?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அப்ப அவளுக்கு எல்லாம் தெரியும்" என்றார், கணக்கின் விடையைச் சரிபார்ப்பவர் போல. "அத்தன வருஷமும் தெரியும்." நோட்டைக் கேட்டு வாங்கி, சுருட்டி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அதை நான் மறுபடியும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தே என்னவென்று கேட்டாள். சொன்னேன். காய்ச்சலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன்.

"யாருடி ஒன்ன எழுதச் சொன்னது? இத்தன வருஷத்துல என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வந்திருக்குமா? சாமியாருகிட்டகூட நான் சொன்னதில்ல. புரியல புரியலன்னு சொல்லிச் சொல்லித்தான் அந்த மனுசன இந்த வீட்டுல படுக்க வச்சிருந்தேன்."

அன்றுதான் எனக்குப் புரிந்தது. காலைக் காப்பியோடு அவள் சொல்லிவந்த அந்தப் பொய்யின் மேல்தான் அவருடைய உறக்கம் நின்றிருந்தது. அவர் என்ன செய்தார் என்று தெரியாத ஒரு பெண்ணோடு வாழ்வதாக அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அவரால் அவள் கையால் சோறு வாங்கித் தின்ன முடிந்தது.

யாரும் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் அப்பா, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். "சம்பளம் ஜாஸ்தி" என்றார், உண்மையில் குறைவு. காலையில் வேலை முடிந்தும் வீட்டுக்கு வரமாட்டார். இயந்திர அறையை ஒட்டிய சிறிய அறையில் கயிற்றுக் கட்டில் போட்டு, மதியம்வரை அங்கேயே தூங்குவார். வீட்டுக்குச் சாப்பிட வருவார், குளிப்பார், அம்மாவிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசுவார். விருந்தாளியிடம் பேசுவது போல இருக்கும். அம்மா பழக்கத்தில் இரவு விழித்துக் கதவோரம் போய் நிற்பாள். கூடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மாத்திரைகள் சில மாதங்களில் நின்றுபோயின. அவர் மறுபடியும் சிதம்பரத்துக்கு வர மறுத்துவிட்டார்.

இப்படி மூன்று வருடங்கள். நான் முதுகலை முடித்தேன். 2012இல் எனக்கு மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முதல் நாள் காலை அம்மா ஒரு தூக்கில் இட்லி வைத்துக் கொடுத்தாள்.

"நீயே கொண்டுபோய்க் குடு. வீட்டுல வந்து படுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

நான் அதுவரை அந்த இடத்துக்குள் போனதில்லை. ஈரத் தரை, அமோனியாவின் காரம் மூக்கில் ஏறியது. இயந்திரத்தின் இரைச்சல் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அறைக் கதவு திறந்திருந்தது. அப்பா மல்லாந்து படுத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, கேட்பது போல, பதில் சொல்வது போல, கெஞ்சுவது போல. ஓர் ஒலியும் என்னை எட்டவில்லை. இந்த இரைச்சலுக்காகவே அவர் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. இன்னும் இரண்டடி முன்னால் போயிருந்தால் கேட்டிருக்கும். உதடுகளைப் பார்த்தே சொற்களைச் சொல்லிவிடவும் என்னால் முடியும். பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்பா."

"உள்ள வந்தியா?"

"இல்ல. செக்யூரிட்டி இல்லாம உள்ள போவக் கூடாதுன்னு போட்டிருக்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் பார்வை என் பாதங்களுக்கு இறங்கியது. செருப்பு நனைந்திருந்தது, உள்ளே ஐஸ் மேல் தூவும் உமி அதில் ஒட்டியிருந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தூக்கின் மூடியைத் திறந்தார்.

"வீட்டுல வந்து படுங்கப்பா" என்றேன்.

"பாக்கலாம். உங்க அம்மா சொல்லச் சொன்னாளா?"

"இல்லப்பா."

"சரி" என்றார். "சட்னி தனியா வைக்கலியா?"