பாஸ் வரேல்லையோ?

கக்கூஸ் திருத்துகிற தொழிலில் ஒரு சிறப்பு உண்டு: எங்களைக் கூப்பிடாமல் யாராலும் இருக்க ஏலாது, கூப்பிட்டதை யாரும் வெளியில் சொல்லவும் மாட்டார்கள்.

படித்தவர்கள் மலசலகூடம் என்பார்கள். லொட்ஜில் வாஷ்ரூம் என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் வருத்தம் ஒன்றுதான். உள்ளே யாரும் போயிருக்க மாட்டார்கள், ஆனால் கொமட்டுக்கு மேலே இருக்கிற தொட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'ஸ்ஸ்' என்று தானாக நிரம்பும். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். கேட்காத மாதிரி ஒரு மாதம் இருந்தும் இருப்பீர்கள். அந்தத் தொட்டிக்கு அடியில் ஒரு றப்பர் மூடி இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதில் படிந்தால் அது ஒழுங்காக மூடாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், இறங்கியதை நிரப்பத் தொட்டி தானாகத் திறக்கும். இவ்வளவுதான் சங்கதி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதை நான் படித்தது வெளிநாட்டில். ஏழு வருடம் ஒரே வீட்டில் வேலை செய்தேன். அந்த வீட்டில் ஐந்து கக்கூஸ். திருத்த வருகிற மலையாளத்து ஆள் என்னை டோர்ச் பிடிக்கச் சொல்வார். பிடித்துப் பிடித்தே பழகிவிட்டேன். பிறகு அவரைக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. திருகோணமலைக்குத் திரும்பி வந்த முதல் கிழமை என் மகள் என்னை 'அன்ரி' என்று கூப்பிட்டாள். இனிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். ஆனால் நிலையான வேலை இல்லாதவளை, வெளிநாட்டு வீட்டுவேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் விடுவானா? மாதத்துக்கு இரண்டு முறை போன் எடுத்து, "பாஸ்போட் இருக்குத்தானே?" என்று கேட்பான். ஊர்த் தொட்டிகளை நான் ஒழுகாமல் நிற்பாட்டினால்தான் நான் ஊரில் நிற்கலாம் என்கிற நிலைமை.

கதிரையில் ஒருவர்

எங்கள் பக்கத்தில் மேசனும் பாஸ், தச்சனும் பாஸ், பைப் பூட்டுகிறவரும் பாஸ். அந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. உவர்மலையில் ஒரு ரீச்சர் வீட்டு வாசலில் சாமான் பையோடு போய் நின்றேன். ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார்.

"பாஸ் வரேல்லையோ?"

"நான்தான் ரீச்சர் செய்யிறனான்."

"ஓம் ஓம், செய்யுங்கோ. அவர் வந்தாப்பிறகு தொடங்குங்கோ."

அரை மணித்தியாலம் படியில் குந்தியிருந்துவிட்டு என் மனுசன் சேவியருக்குப் போன் எடுத்தேன். அவர் கரைவலை இழுக்கிறவர். எங்கள் வீட்டில் பல்ப் போனால் மேசையில் ஏறுவது நான்தான். "இஞ்சாருங்கோ, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், வந்து இருந்தால் காணும்" என்றேன். வந்தார். அவருக்குக் கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது, பிஸ்கட்டும் வந்தது. நான் நிலத்தில் முழங்காலில் நின்று றப்பரைக் கழற்றி, சுண்ணாம்பைச் சுரண்டி, புதியதைப் பூட்டினேன். இடைக்கிடை அவர் 'ம்ம்' என்றார். தொட்டியின் 'ஸ்ஸ்' நின்றது. ரீச்சர் அவர் பக்கம் திரும்பி முகம் மலரச் சொன்னார்: "பாஸ், உதவிக்கு நல்ல கெட்டிக்கார ஆளாத்தான் பிடிச்சு வச்சிருக்கிறியள்."

நீலம்

அதற்குப் பிறகு வேலை என்றால் இரண்டு பேராகத்தான் போனோம். நான் கைக்கு, அவர் கண்ணுக்கு.

றப்பர் ஒழுகுகிறதா என்று பிடிப்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுகிற நீலத்தில் ஒரு கரண்டி எடுத்துத் தொட்டிக்குள் கரைத்துவிட்டு அரை மணித்தியாலம் யாரையும் உள்ளே விடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் அடிக்காமலே கொமட்டுக்குள் நீலம் இறங்கியிருந்தால் களவு பிடிபட்டுவிட்டது. ரவுணில் பென்சன் எடுத்த ஒரு ஐயாவின் வீட்டில் அப்படிக் கரைத்துவிட்டுச் சேவியரைக் கதவுக்குக் காவல் வைத்தேன். அவர் படலையில் மீன்காரனைக் கண்டு சூடை என்ன நிலவரம் என்று கேட்கப் போய்விட்டார். ஐயாவுக்குச் சலரோகம். அவசரத்தில் உள்ளே போயிருக்கிறார்.

"பிள்ளை! ஓடியா! கிளினிக்கில தந்த புதுக் குளிசை என்னை நீலமாக்கிப் போட்டுது!"

மருமகள் ஓடிப்போய் ஓட்டோவை மறித்துவிட்டாள். ஐயா சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொழும்பில் இருக்கும் மூத்த மகனுக்குச் சொல்லச் சொல்லி அழுகிறார். நான் நீலப் பக்கற்றைக் கொண்டுவந்து காட்டி, சத்தியம் செய்து, இன்னொரு வாளியில் கரைத்தும் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த உடனே, மீன் பையோடு உள்ளே வந்த சேவியரின் தோளைத் தட்டினார். "பாஸ், உங்களில ஒரு பிழையும் இல்லை. பொம்பிளையளை வேலைக்குக் கூட்டி வந்தால் இப்பிடித்தான் நடக்கும்."

சிஸ்டர்

இந்தத் தொட்டிக்குத் தொழிலில் சிஸ்டன் என்று பெயர். அதை வைத்திருக்கிற இடம் கொன்வென்ட்டாக இருந்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒரு காலை கொன்வென்ட் குசினியில் வேலை செய்கிற பெண் போன் எடுத்தாள். போனில் பாதி இரைச்சல்.

"அக்கா, சிஸ்டன் ரெண்டு நாளா ஒழுகுது. கெதியா வாங்கோ."

எனக்குச் சிஸ்டர் என்றுதான் கேட்டது. "ஐயோ மாதாவே, என்னட்டை ஏன் சொல்லுறியள்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ!"

"எப்பிடிக் கொண்டு போறது? சுவரில எல்லோ பூட்டியிருக்கு."

"சுவரில பூட்டியோ!"

நான் சேவியரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே போன பிறகுதான் விளங்கியது. வெட்கத்தில் எனக்கு நாக்குத் தடுமாறியது. ஐந்து கன்னியாஸ்திரிகள் சுற்றி நிற்க, "முதல் சிஸ்டரைக் கழட்டிப் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயத்தைத் தந்தது. மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என்னைத் தாண்டி, வழக்கம்போலச் சேவியரிடம் சொன்னார்: "பாஸ், சிஸ்டர்மாரை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் தொட்டியை மட்டும் பாருங்கோ."

பன்னிரண்டு அறைகள்

துறைமுகப் பக்கத்தில் ஒரு லொட்ஜ் இருக்கிறது. பன்னிரண்டு அறை, பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டும் தானாக நிரம்பும். மேல் தாங்கி மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். கந்தளாயிலிருந்து ஒரு பாஸ் வந்து, உள்ளே மிதக்கிற பந்துகளை எல்லாம் புதிதாக மாற்றிவிட்டுப் போயிருந்தார். காய்ச்சல்காரனுக்குச் சட்டை மாற்றின மாதிரி. மனேஜர் நஸீர், கிண்ணியாப் பிள்ளை, நல்ல சுபாவம். "அக்கா, வெள்ளைக்காரன் வாற சீசனுக்கு முந்திப் பன்ரெண்டும் வாயை மூடணும். மூடினா வருசம் முழுக்க வேலை உங்களுக்குத்தான். முதலாளிட்ட நான் கதைக்கிறன்" என்றார். அதே கிழமை ஏஜென்சிக்காரனும் போன் எடுத்தான். வெளிநாட்டுக்குப் போக வெள்ளிக்கிழமை மெடிக்கலாம். பதில் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அப்படியே மூன்று நாளும் 'நாளைக்கு' என்றேன்.

இரண்டு நாள் சேவியர் வந்து இருந்தார். மூன்றாம் நாள் நிலாவெளிப் பக்கம் பெரிய மீன் பட்டதென்று வலைக்குப் போய்விட்டார். நான் தனியாகப் போனேன். பத்தாவது அறை நின்றது, பதினொன்றாவதும் நின்றது. பன்னிரண்டாவது நிற்கவில்லை. றப்பர் புதிது, நீலம் கரைத்தும் கொமட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை, ஆனால் தொட்டி மட்டும் 'ஸ்ஸ்' என்கிறது. ஏஜென்சிக்காரனின் வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது. ஒவ்வொரு மூட்டாகத் துடைத்து, காய்ந்த டிஷ்யூவை வைத்து அழுத்திப் பார்த்தேன். தொட்டிக்கு அடியில், சுவர்ப்பக்கத்து ஆணியில், டிஷ்யூ நீலமாயிற்று. ஆணி துருப்பிடித்து, தண்ணீர் சத்தமில்லாமல் சுவருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கீழே ஒட்டியிருந்த சாமான் அறைக்குக் கூரை ஒழுகுகிறதென்று அவர்கள் இரண்டு முறை ஓடு மாற்றியிருக்கிறார்கள். ஆணியை மாற்றினேன். பிறகு நஸீரும் நானும் அந்த அறையில் ஒரு மணித்தியாலம் தொட்டிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அக்கா, பாஸ் இல்லாம எப்படி முடிச்சீங்க?"

முதலாளி வந்த நாள்

முதலாளி கொழும்பிலிருந்து வந்து பன்னிரண்டு அறைக்கும் போனார். ஒவ்வொரு தொட்டியிலும் காதை வைத்துக் கேட்டார். நான் நடைபாதையில் பையோடு நின்றேன். அந்த நேரம் பார்த்துச் சேவியர் எனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு வந்தார், மடித்துக் கட்டின சாரத்தோடு, வலை மணத்தோடு. முதலாளி நேரே போய் அவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான வேலை பாஸ். திங்கட்கிழமையிலயிருந்து இங்கயே நில்லுங்கோ."

சேவியர் என்னைப் பார்த்தார். ஒரு 'ம்ம்' சொல்லிவிட்டால் கதை முடிந்தது. "ஐயா, எனக்கு இதில ஒண்டும் தெரியாது. முழுக்க மனிசி செய்தது. நான் சோறு கொண்டு வந்தனான்" என்றார். அவரைக் கலியாணம் முடித்து இருபது வருடத்துக்கு மேல். எனக்காக அவர் சபையில் வாய் திறந்தது அன்றைக்குத்தான். முதலாளி சிரித்தார். நஸீர், "ஓம் சேர், அக்காதான்" என்ற பிறகு சிரிப்பை நிற்பாட்டினார். யோசித்தார்.

"விருந்தாளியள்ட அறைக்குள்ள ஒரு பொம்பிளை தனியப் போய் வாறது சரிவராது. பாஸும் கூட வரட்டும். வேலையை அவற்ற பேரில பதியுங்கோ, இவ உதவி."

எனக்கு எதிர்த்து ஒரு கதை கதைக்கத் தோன்றியது. அதற்குள் பைக்குள் போன் அடித்தது. யாரென்று பார்க்கத் தேவையில்லை. முதலாளிக்கு 'ஓம்' சொல்லிவிட்டு, போனை எடுத்து 'ஏலாது' என்றேன்.

இப்போது நான் பன்னிரண்டு அறைகளிலும் முழங்காலில் நிற்கிறேன். சேவியர் மினுக்கின சேட்டோடு நடைபாதை முனையில் கதிரையில் இருக்கிறார். கடலுக்குப் போக நேரமில்லை. விருந்தாளிகள் வந்து கேள்வி கேட்டால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மேல் தாங்கியைப் பார்க்கிறார். போன கிழமை வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உனக்கென்ன, தெரிஞ்ச வேலையைச் செய்திட்டு வாறாய். தெரிஞ்ச மாதிரி நாள் முழுக்க இருந்து பார், அப்ப விளங்கும் கஷ்டம்."

ஆக, நான் ஊரோடு நின்றுவிட்டேன், இந்த முறை வெளிநாட்டுக்குப் போனது லொட்ஜ் பதிவில் இல்லாத என் பெயர் மட்டும்தான்.