டைல்ஸ் இடுக்குக்குத் தண்ணீர் காட்டிய மூன்று நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சுவர் ஒன்றுதான், முகம் மட்டும் இரண்டு. இந்தப் பக்கம் எங்கள் குளியலறை. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் கூடம். குளிருக்குப் பயந்து, கொல்லையில் இருந்த குளியலறையை நானும் மனைவியும் வீட்டுக்குள் கொண்டுவந்து, நாங்களே டைல்ஸ் ஒட்டி ஏழு வருடம் ஆகிறது. நாங்கள் குளிக்கும் சத்தம் அக்காவுக்குக் கேட்கும். அக்கா டீ போட்டுவிட்டுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவது எங்களுக்குக் கேட்கும். இரண்டு தட்டு என்றால் வா என்று பொருள். ஈரத்தலையோடு எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறேன்.

அந்தத் தட்டு நின்றுபோனது என்னால்.

அக்காவின் மகளுக்குப் பரிசம் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வருகிறார்கள். கூடத்தில் பாய் விரித்து, தட்டு மாற்றி, எல்லாம் வீட்டிலேயே. அதற்கு நான்கு வாரம் இருக்கும்போது, வந்தவர்களை உட்கார வைக்கும் இடத்துக்கு நேர் பின்னால், சுவரில் ஒரு கறை இறங்கியது. முதலில் உள்ளங்கை அளவு, பிறகு முறம் அளவு. நடுவில் கறுத்து, ஓரத்தில் உப்புப் பூத்து நின்றது. பெயிண்ட் அடிக்க வந்தவர், ஈரம் நிற்கிறவரை பிரஷ்ஷைத் தொடமாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டாராம். அக்கா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

நான் சொன்னது இது: "பனிக்காலம்லா அக்கா. எல்லார் வீட்லயும் ஈரந்தான்."

அக்கா கறையில் விரலைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"உங்க பனி சோப்பு வாசம் அடிக்குது தம்பி."

அவ்வளவுதான். மறுநாள் முதல் சுவர் வாயை மூடிக்கொண்டது. வாசலில் எதிர்ப்பட்டால் அக்கா துணிக்கொடியைப் பார்ப்பார், நான் மலையைப் பார்ப்பேன். காய்கறி லோரி ஓட்டும் அவர் கணவர்கூட ஹார்ன் அடிக்காமல் போனார்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கீழ் இரண்டு வரிசையில், டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே அடைத்திருந்த பூச்சு கரைந்து போயிருந்தது. நகத்தை விட்டால் நகம் உள்ளே போனது. ஏழு வருடத் தண்ணீர் அதை அரித்து, இப்போது அந்த வழியாகத்தான் அக்காவின் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றாள் மனைவி. நீங்கள் ஒட்டியதை நீங்கள்தான் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

தானா ராத்தா டவுன் ஹார்டுவேர் கடையில், சீன முதலாளியான தவுக்கே இடுக்கு அடைக்கும் வெள்ளைக் கிரவுட் தூள் ஒரு பாக்கெட், அடியில் ரப்பர் வைத்த கரண்டி, ஒரு ஸ்பாஞ்சு மூன்றையும் எடுத்து வைத்தார். பழையதைச் சுரண்டி எடு, பழையதன் மேல் புதியதை அப்பாதே என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். உடைந்த கவ்வாத்துக் கத்தி ஒன்று வீட்டில் கிடந்தது. எத்தனை தேயிலைச் செடிகளின் தலையைச் சீவிய இரும்பு! இரண்டு சாயங்காலம் அது டைல்ஸ் இடுக்கில் குனிந்து நடந்தது. மாவாகக் கொட்டியது தூசி. என் புருவம் நரைத்துவிட்டதாக மனைவி சொன்னாள். கழுவிய பிறகும் கொஞ்சம் நரைத்துத்தான் இருந்தது.

அதுவரை சரி. அதற்கு மேல் என் அவசரம் ஆரம்பித்தது. தூளில் தாராளமாகத் தண்ணீர் விட்டு, தோசை மாவாகக் கலக்கி ஊற்றினேன். அழகாக ஓடியது, இடுக்கெல்லாம் நிரம்பியது, நானும் நிரம்பிப்போனேன். அப்புறம் காய வைக்க வேண்டுமே!

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஃபேக்டரியில் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவது. கையால் அள்ளிப் பார்த்தே எத்தனை ஈரம் இறங்கியிருக்கிறது என்று சொல்வேன். ஈரம் என்று கண்டால் என் கை காற்றாடியைத் தேடும். பனி உள்ளே வராமல் ஜன்னலை அடைத்தேன். நிற்கும் பெரிய ஃபேனைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் நிறுத்தி, முழு வேகத்தில் விட்டேன். இரண்டு நாள். வாட்டுகிறவனின் கர்வம் அந்த ஃபேனை விட வேகமாகச் சுற்றியது.

மூன்றாம் நாள் காலையில் இடுக்கெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. விரலால் தேய்த்தேன். பொடியாக உதிர்ந்தது.

அப்போதுதான் அக்கா வந்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு எங்கள் வாசல்படியில் அவர் கால். சமாதானத்துக்கு வரவில்லை.

"ரெண்டு நாளா என்ன சத்தம் இது? சாமி படம் மாட்டுன ஆணியே ஆடுது."

காய வைக்கிறேன் என்றேன். அக்கா எட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார், நகத்தால் ஒரு இடுக்கைச் சுரண்டினார். பிறகு ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கொழுந்துன்னு நெனச்சிட்டீங்களா? சிமெண்டு தம்பி அது. காத்து கேக்காது, தண்ணி கேக்கும்."

கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வேலைக்குப் போனவர் அக்கா. தானா ராத்தாவில் ஒரு ஃபிளாட் எழும்பியபோது, போட்ட சிமெண்டின் மேல் சாக்கை விரித்து, அது உலராமல் நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பதுதான் அவர் வேலையாம். வேகமாக உலர்ந்தால் வெடிக்கும், பொடியும், மேஸ்திரி வாயில் விழ வேண்டும் என்றார்.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "அக்கா, அது பனி இல்ல. எங்க வீட்டுத் தண்ணிதான்."

"தெரியும். எந்தக் கடை சோப்புன்னுகூடத் தெரியும்," என்றபடி எழுந்து போய் ஃபேனை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி முதலிலிருந்து. சுரண்டி, பிரஷ்ஷால் தூசி தட்டி, இடுக்கை லேசாக நனைத்துவிட்டேன். அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். இந்த முறை தூளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். கெட்டித் தேங்காய்ச் சட்னிப் பதம், கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கிளறினேன். ரப்பர் கரண்டியைக் குறுக்குவாட்டில் சாய்த்து, இடுக்குக்குள் அமுக்கி அமுக்கி இழுத்தேன். நேராக இழுத்தால் கரண்டியின் விளிம்பு இடுக்கில் விழுந்து, வைத்ததை வழித்துவிடும்.

முடித்த கையோடு துடைக்கப் போனேன். எனக்கு எதையும் அப்படி அப்படியே விடத் தெரியாது.

"கையைக் கட்டிட்டு நில்லுங்க. இப்பத் தொடச்சா எல்லாம் ஸ்பாஞ்சோட வந்துரும்."

வாசலுக்கும் குளியலறைக்குமாக நடந்தேன். வெளியே பனி, தேயிலைச் சரிவின் பச்சைப் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆறு முறை நடந்து திரும்பிய நேரத்தில் அது ஒரு படிதான் ஏறியிருந்தது. அரைமணி போலக் கழித்து, ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, குறுக்கே துடைத்தேன். டைல்ஸ் முகம் தெளிந்தது. இடுக்குகள் வெள்ளையாக, நோட்டுப் புத்தகக் கோடுபோல நின்றன.

"ஜன்னலைத் தொறங்க. பனி உள்ள வரட்டும்."

திறந்தேன். இத்தனை வருடம் விரட்டிய பனி, வாசல் தெரிந்த விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தது. மனைவி பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரே போத்தலால் காலை, மதியம், சாயங்காலம் என்று புகைபோலத் தண்ணீர் காட்டினேன். மூன்று நாள். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் கிரவுட் வேண்டாம், அங்கே வீடு அசையும் என்றார் அக்கா. கடைசி நாளில் அங்கே சிலிகான் பசை இழுத்தேன்.

அந்த மூன்று நாளும் நாங்கள் குளித்தது அக்கா வீட்டில். சோப்புப் பெட்டியும் துண்டுமாக நானும் மனைவியும் கூடத்தைக் கடந்து போகும்போது, அக்காவின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கடந்து போகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கறையைப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

நான்காம் நாள் எங்கள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டோம். கறை பென்சில் கோட்டைத் தாண்டினால் தோல்வி. அன்று தாண்டவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள், தலையில் ஷாம்பூ நுரையோடு நின்றிருந்தேன், சுவரில் சத்தம் கேட்டது. தட். தட். நுரையோடு ஓடினேன். கறை கோட்டை விட்டு ஒரு விரலளவு உள்வாங்கியிருந்தது.

"இப்பக் கொண்டாங்க உங்க ஃபேனை. இப்பத்தான் வாட்டணும்," என்றார் அக்கா.

எட்டு நாள் அது அவர் கூடத்தில் சுவரைப் பார்த்துச் சுற்றியது. வேலை முடிந்து வந்ததும் நான் போய்ச் சுவரில் கைவைத்துப் பார்ப்பேன், தொட்டியில் கொழுந்தைப் பார்ப்பதுபோல. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பரிசத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் பெயிண்ட் ஏறியது. இளமஞ்சள்.

பரிசத்தன்று கூடம் நிறைந்து வழிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல உடம்புக்காரர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எத்தனை சுவர் இருக்கிறது, வந்தவர் நேராகக் கறை இருந்த இடத்தில்தான் உட்கார்ந்து, நன்றாக முதுகைச் சாய்த்தார். வடைத் தட்டோடு நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். பெண்ணை அழைத்து வந்ததையும் தட்டு மாற்றியதையும் நாங்கள் இருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் தாய்மாமன் கையை ஊன்றி எழுந்து திரும்பினார். சட்டையின் முதுகு முழுக்க அதே வெள்ளை, ஈரமோ மஞ்சளோ ஒட்டவில்லை. ஒரு சுருக்கம், அவ்வளவுதான்.

அக்கா அவர் பின்னாலேயே போய், கேட்காமலே இலையில் இரண்டு வடை வைத்தார்.