பொன்னுருக்கிய பின் கோணிய முகம்

எழுபதுகளின் நடுப்பகுதி. கொக்குவிலில் எங்கள் வீட்டில் எனக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கி முடிந்திருந்தது. பொன்னுருக்கினால் தாலி கட்டும் வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, பெண் வாசற் படலையைத் தாண்டி வெளியே போகவும் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

பொன்னுருக்கிய மறுநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது பக்கத்தால் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். வாய் இடப்பக்கம் இழுத்துக் கிடந்தது. வலது கண்ணை மூடவே முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்த அம்மா, என்னைக் கண்டதும் அப்பாவைக் கூப்பிட்டார்.

பாரிசவாதம் என்றார் அப்பா. பேய் அறைந்துவிட்டது என்றார் பெரியம்மா. ஆனால் என்ன வியாதி என்பதைவிட, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கவலை. எனக்கும்தான், பொய் சொல்வானேன். என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, முகத்தில் சாதிக்காய் அரைத்துப் பூசினார்கள். மூடாத கண்ணுக்குள் அது இறங்கி எரிந்தது.

அடுத்த நாள் மாப்பிள்ளையின் அக்கா பலகாரத் தட்டத்தோடு வந்தார். வெளியூரில் டாக்டர், தம்பியின் கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தார். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லிவைத்தார். காய்ச்சல் என்றால் டாக்டர் பார்க்காமல் போவாரா? நேரே அறைக்குள் வந்துவிட்டார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடினேன். மெல்ல விலக்கினார்.

"நெத்தியைச் சுருக்கும் பாப்பம். கண்ணை இறுக்கி மூடும். கன்னத்தை ஊதும்."

வலது பக்கம் அசையவேயில்லை.

"பயப்பிடாதையும், இது பாரிசவாதமில்லை" என்றவர், மணிக்கட்டு காதடியில் படும்படி கையை என் கன்னத்தில் வைத்து விரல்களை விரித்தார். காதுக்குப் பின்னால் எலும்புக்குள்ளிருந்து வரும் ஒரே நரம்பு இப்படித்தான் நெற்றிக்கும் கண்ணுக்கும் கன்னத்துக்கும் வாய்க்கும் கழுத்துக்கும் கிளை பிரிகிறதாம். அந்த நரம்பு வீங்கியதால்தான் ஒரு பக்கமே வேலை செய்யவில்லை. மூளையில் கோளாறு என்றால் நெற்றியாவது சுருங்கியிருக்கும். அநேகமாகக் குணமாகிவிடும் என்றார்.

"ஆனா கண் மூடாமல் காய்ஞ்சு போச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"பொன்னுருக்கிப்போட்டுப் பிள்ளையைப் படலை தாண்ட விடுறதோ?" என்றார் அம்மா.

"மாமி, கண் போனா ஆர் தாறது? தம்பிக்கும் நான் சொல்லத்தான் போறன்."

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வாடகைக் காரில் வழியெல்லாம் அழுதேன். கருவிழியில் புண் தொடங்கியிருந்தது. மருந்து விட்டு, கண்ணை மூடிப் பிளாஸ்டர் ஒட்டி, விழுங்கக் குளிசையும் தந்தார்கள்.

பின்னேரம் மாப்பிள்ளையின் அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, தம்பி சொன்னதை அப்படியே சொன்னார்: "அக்கா, முதல் கண்ணைப் பாருங்கோ. கலியாணம் எங்கையும் ஓடிப் போகாது."

அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

குறித்த நாளிலேயே, கண்ணில் பிளாஸ்டரோடு மணவறையில் இருந்தேன். சபையில் குசுகுசுப்பு எழாமல் இல்லை. தோழியாக என் பக்கத்தில் நின்ற அதே அக்கா, இனி எனக்கு மச்சாள், கோணிய வாயோரம் வழிந்ததை யாரும் காணாமல் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சில மாதங்களில் முகம் நேராகிவிட்டது.

மச்சாள் இப்போது உயிரோடு இல்லை. வெட்கப்பட்டு முகத்தை ஒளித்தே வைத்திருந்தால் ஒரு கண்ணை மட்டுமல்ல, இப்படிப்பட்ட மனிதர்கள் வாழும் ஒரு வீட்டையும் சேர்த்தே இழந்திருப்பேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.