எதற்குக் கைதட்டினோம்

தையற்கார அக்காவின் விரலில் ஊசி சுலபத்தில் இறங்கவில்லை. வருஷக்கணக்காகத் தைத்துத் தைத்து நுனி காய்த்துப் போயிருந்தது. நான் இன்னொரு முறை அழுத்தினேன். "எனக்கு ஊசி புதுசா தம்பி? நல்லாக் குத்து" என்று சிரித்தார். ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அந்தச் சொட்டுதான் இன்று எங்கள் கம்பெனிக்குச் சோறு போடுகிறது.

முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே தெருப் பக்க அறையில் அக்காவின் கடை, மேலே நாங்கள். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துச் சிறுநீரகத்தின் நிலைமையைச் சில நிமிஷத்தில் சொல்லும் கருவி செய்துகொண்டிருந்தோம். கருவி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம், கைபேசி அளவுதான். ஆனால் அது எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. சோதித்துப் பார்க்கவென்றே விலைக்கு வாங்கிய திரவத்தை வைத்தால் ஒழுங்காகச் சொல்லும். நோயாளியின் ரத்தத்தில் சொல்லுமா என்பதுதான் தெரியவில்லை. எங்கள் விரல்களையே மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டோம். எல்லாருக்கும் நல்ல சிறுநீரகம், எல்லாருக்கும் ஒரே மாதிரி தாழ்ந்த எண். "ஒரு கெட்ட ரத்தம் கெடைக்க மாட்டேங்குதே" என்று கம்பெனியை ஆரம்பித்த எங்கள் முதலாளி அலுத்துக்கொள்வார். நாங்களும் சிரிப்போம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. யாருக்காவது நோய் வரட்டும் என்று நேர்ந்துகொள்ளாத குறைதான்.

அக்கா தானாகத்தான் மேலே வந்தார். "வெரல வெரலக் குத்திக்கிட்டுக் கெடக்கறீங்களே, எங்கிட்டயும் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றார். கருவி மிக உயர்ந்த எண்ணைக் காட்டியது. ரத்தம் வைக்கிற ஸ்ட்ரிப் கெட்டுவிட்டது என்று வேறொன்று போட்டோம், அதுவும் அப்படியே. சரிபார்க்க, முறைப்படி ரத்தம் எடுத்து வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். "சும்மா ஒத்துப் பாக்கத்தான்க்கா" என்றேன் அவரிடம்.

மறுநாள் மதியம் போனில் முடிவு வந்தது. நான்தான் சத்தமாக வாசித்தேன். எங்கள் எண்ணும் அதுவும் ஒன்று. முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து விசிலடித்தார். எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். சத்தம் கேட்டு மாடியேறி வந்த அக்கா, கழுத்தில் அளவு நாடா தொங்க, வாசலில் நின்று எங்களோடு சேர்ந்து கைதட்டினார். "என் ரத்தந்தான் வேல செஞ்சுதா?" என்றார் முகமெல்லாம் பல்லாக.

முதலாளி தரையைப் பார்த்தார். நானும் அக்காவும் தவளக்குப்பத்துக்காரர்கள், அதனால் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். வெட்கங்கெட்டு அதையும் தின்றேன்.

மறுநாள் காலை கடைக்குப் போய்ச் சொன்னேன். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். அழுவார் என்று நினைத்தேன். "அப்ப எதுக்கு தம்பி கைதட்டுனீங்க?" என்றுதான் கேட்டார். கோபமே இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கருவி சரியாகச் சொன்னதற்காக அக்கா என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான்.

சீக்கிரம் கண்டுபிடித்ததால் அவருக்கு நல்லதுதானே என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். இருக்கலாம். மருந்து, உப்புக் குறைத்த சாப்பாடு என்று அக்கா இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார். டயாலிசிஸ் வரை போகவில்லை. போகவே போகாது என்று டாக்டரும் சொல்லவில்லை. கருவியைப் பற்றிப் பேச எங்கே போனாலும், திரையில் காட்டும் வரைபடத்தில் அக்காவின் எண் மட்டும் மற்றவற்றை விட்டு உயரத்தில் தனியாக நிற்கும். பெயர் இருக்காது. அந்த இடத்தில் கூட்டம் கைதட்டும். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாதம் ஒருமுறை அக்கா மேலே வந்து விரலை நீட்டுகிறார். கருவியை அவர் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார். போன வாரம் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

அக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. "என்னா தம்பி, ஏறிடுச்சா?" என்றார்.