யார் வீட்டு உலை

எங்கள் அப்பாவுக்கு இரண்டு வியாதிகள். ஒன்று சர்க்கரை, இன்னொன்று செய்தி. சர்க்கரைக்காவது மாத்திரை இருந்தது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், கர்நாடகத்தோடு பேச்சு என்ன ஆயிற்று என்ற அளவில் இருந்த அவருடைய செய்திப் பித்து, என் தம்பி வெல்டர் வேலைக்கு ஈரானுக்குப் போனதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கால்வாயில் தண்ணீர் வந்தால் விவசாயி, வராவிட்டால் பாஸ்போர்ட்காரன் என்று ஆகிப்போன காலம் அது. தெருவில் பாதிப் பையன்கள் சிங்கப்பூரில், மீதிப் பேர் வளைகுடாவில். தம்பிக்கு வாய்த்தது ஈரான். கடலோரத்தில் எரிவாயுக் குழாய் பற்றவைக்கிற வேலை. அவன் போய்ச் சேர்ந்த நேரமோ என்னவோ, அணு உலை விஷயத்தில் ஒத்துழைக்கச் சொல்லி அந்த நாட்டை நாலு பக்கமும் நெருக்க ஆரம்பித்தார்கள். தூதர்கள் போனார்கள், கை குலுக்கினார்கள், திரும்பி வந்தார்கள். பேச்சு முறிந்தால் ஒரு தடை போடுவார்கள். பிறகு அடுத்த சுற்றுப் பேச்சு. தடை இறுகினால் தம்பியின் வேலை என்னாகும் என்பதுதான் எங்கள் கவலை. அதனால் ஏதோ ஒரு குளிர்நாட்டு ஊரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் எல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் முகம் மாதிரிப் பழகிப்போயின.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு சாயங்காலம், அப்பா டிவியைப் பார்த்தபடி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"உலைய மூடணும்னு சொல்றாங்க. அவன் மாட்டேங்குறான்."

"மூடுனா நல்லதுதானேங்க. மூடி போட்டாத்தான சீக்கிரம் கொதிக்கும்," என்றாள் அம்மா.

நான் சிரித்துவிட்டேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அந்த மூடுறது இல்லடி. உலைய நிறுத்தச் சொல்றாங்க. அடியோட அணைக்கச் சொல்றாங்க."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எரியுற உலைய அணைக்கச் சொல்ல இவங்க யாரு? அங்க எழவா விழுந்துருக்கு?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் மாதா படம் மாட்டிய வீடும் உண்டு, முருகன் படம் மாட்டிய வீடும் உண்டு. ஆனால் சாவு விழுந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம்தான். பிணம் எடுக்கிறவரை தெருவில் யாரும் உலை வைக்க மாட்டார்கள். செத்தவருக்கு அந்தத் தெரு செய்கிற மரியாதை அது. மற்றபடி, எரிகிற உலையை அணைப்பதற்கு வேறு காரணமே அம்மாவுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் ஈரான் கட்சி.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில், அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த நாகூர்க்காரர் போன் செய்தார். படுத்தவன் எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சு வலி என்று டாக்டர் சொல்கிறாராம். போனை வாங்கியது நான்தான். என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முதலில் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கிக் கீழே வைத்தாள். செம்பில் தண்ணீர் எடுத்து அடுப்பில் ஊற்றினாள். புஸ்ஸென்று புகை எழும்பியது. அதற்குப் பிறகுதான் அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது.

தெருவே அடுப்பை அணைத்தது. ஆனால் எடுப்பதற்குப் பிணம் எங்கே? மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். அம்மா அவர்களைக் கேட்கவே விடவில்லை. "புள்ளைங்களைப் பட்டினி போடாதீங்கடி. நீங்க வைங்க. எங்க வீட்டோட இருக்கட்டும்," என்றாள். பிறகு அவர்கள்தான் முறை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு கொண்டு வந்தார்கள். அம்மா இரண்டு வாய்க்கு மேல் தொட மாட்டாள்.

அவனைக் கொண்டுவர நான் ஏறாத படியில்லை. தடையால் விமானங்கள் குறைந்துவிட்டன என்றார்கள். அவனை அழைத்துப்போன நிறுவனம் அங்கே அலுவலகத்தைக் காலி செய்துவிட்டதாம். காகிதங்களில் கையெழுத்துப் போட ஆள் இல்லையாம். எங்கே கேட்டாலும், "பேசிக்கிட்டு இருக்கோம்மா" என்பதுதான் பதில். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அணு உலைக்காக அத்தனை பெரிய மனிதர்கள் விமானம் ஏறி இறங்கினார்கள். செத்துப்போன ஒரு வெல்டர் ஏறி வர அவர்களுடைய வானத்தில் இடமில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் தீரவில்லை.

கடைசியில் அங்கிருந்து ஒரு யோசனை சொன்னார்கள். பக்கத்து நகரத்தில் கிறித்தவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெற்றவர்கள் சம்மதித்தால் அங்கேயே அடக்கம் செய்துவிடலாம். அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா மறுத்துவிட்டாள். அப்போது ஆரம்பித்தது எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை. முதல் சுற்று அப்பா. இரண்டாவது அத்தை. அடுத்தது பங்குச் சாமியார். எந்த மண்ணும் ஆண்டவருடைய மண்தான் என்று அவர் எடுத்துச் சொன்னார். "அப்ப இந்த மண்ணுக்கே கொண்டாங்க சாமி," என்றாள் அம்மா. அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில், "பேச்சுவார்த்தை தோல்வி," என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நானும் போய்ப் பேசினேன். "நான் ஒத்துக்கலைன்னா என்ன செய்வாங்க? தடை போடுவாங்களா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். "போடட்டும். எங்கிட்ட இனிமே நிறுத்துறதுக்கு என்னடி இருக்கு?"

அவளைச் சம்மதிக்க வைத்தது நாகூர்க்காரர்தான். அவர் எந்த நியாயமும் பேசவில்லை. "அம்மா, அவன ஐஸ் பொட்டியில வச்சிருக்காங்கம்மா," என்றார். "அவனுக்குக் குளிர் ஆகாதும்மா. ரூம்ல ஏசி போட விட மாட்டான்." அம்மா போனைக் காதில் வைத்தபடி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மார்கழியில் அவனுக்குக் காது அடைத்துக்கொள்ளும், பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அவள்தான் தலையில் துண்டு கட்டி அனுப்புவாள். "போதும்ப்பா. மண்ணுல வச்சிருங்க," என்றாள். "எடுக்குறப்ப மட்டும் எனக்குச் சொல்லிரு."

அவர் சொன்னபடி செய்தார். எடுக்கும்போது போனைப் போட்டு, அதை அணைக்காமலே வைத்திருந்தார். எங்களுக்குக் கேட்டதெல்லாம் காற்று இரைச்சலும், மண்ணில் மண்வெட்டி விழுகிற சத்தமும்தான். அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்திருந்தாள், உதடு அசையவில்லை. பிறகு அவர் குரல் வந்தது. "எடுத்தாச்சும்மா, வச்சாச்சு. இங்க சாமியார் யாரும் கிடைக்கலம்மா. உங்க ஜெபம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சத ஓதுனோம்."

"கேக்குறவருக்குத் தெரியும்ப்பா," என்றாள் அம்மா. பிறகு கேட்டாள்: "அங்க யாராச்சும் அடுப்ப அணைச்சாங்களா?"

"இது கேம்ப்பும்மா. மெஸ்ல எல்லாருக்கும் பொங்கணும்," என்றார் மெதுவாக. அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு அடுப்பை மெழுகி உலை வைத்தாள். அன்று அவள் வடித்த சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். சாப்பிட முடிந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவன் போனதைவிட, அவன் கிடந்த இடத்தில் ஒரு வீட்டு அடுப்புகூட அணையவில்லை என்பதுதான் பிற்பாடு அம்மாவைத் தின்றது. "நாய் செத்த மாதிரி ஆக்கிட்டாங்களே," என்பாள். ஊரில் எந்தச் சாவுக்குப் போனாலும், திரும்பி வந்து அதையே சொல்லிச் சொல்லி அழுவாள். அப்பா டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். மேட்டூர் நிலவரம்கூட அடுத்தவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

சில வருடங்கள் போயின. பேசிப் பேசி ஒருவழியாக அந்த நாட்டோடு உடன்பாடு வந்தது. அதற்கும் பிறகு ஒரு நாள், பொங்கல் சமயம், நான் ஊரில் இருந்தபோது என் பிள்ளைகளுக்காகப் போட்ட டிவியில் அந்தச் செய்தி ஓடியது. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்த நாட்டின் பெயர் காதில் விழுந்ததும் கை நின்றது.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"ஒத்துக்கிட்டாங்களாம்," என்றார் அப்பா. "ஒரு உலைக்கு நடுவுல சிமெண்ட ஊத்தி அடைச்சுட்டாங்களாம். இனிமே அது எரியாது."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். மூடியைப் பற்றியோ கொதிப்பதைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளைக்குத்தான்," என்றாள். "இப்பவாச்சும் அணைச்சாங்களே."

நான் அப்பாவைப் பார்த்தேன். இது அணு உலை, இது வேறு விஷயம் என்று தலையில் அடித்துக்கொண்டு அவளைத் திருத்தியவர் அவர். வாயைத் திறந்தார்.

"ஆமா," என்றார். "அவனுக்குத்தான்."